காலை விற்ற காசு

சாலை விபத்தில் முதுகெலும்பு முறிந்து படுக்கையில் விழுந்தவனுடைய வீட்டில், பார்த்துவிட்டுப் போக வந்தவர்கள் காப்பி குடித்து முடித்துப் புறப்படுகிற சமயத்தில், அவர்களுள் வயதில் மூத்தவரும் உலக அநுபவம் மிகுந்தவர் என்று ஊரார் மதிப்பவருமான ஒருவர், வாசற்படியில் நின்று செருப்பை மாட்டிக்கொண்டே ஒரு புத்திமதி சொல்லிவிட்டுப் போவது நம்மிடையே ஏறக்குறைய ஒரு சம்பிரதாயமாகவே ஆகிவிட்டது. "நடந்தது நடந்துபோச்சு. கோர்ட்டு, கேஸு என்று அலையாதே தம்பி. அப்படி வருகிற காசு ஒட்டாது" என்பது அந்தப் புத்திமதி. அதைக் கேளாமல் வழக்குத் தொடுத்து நஷ்டஈடு வாங்கிவிட்டவனைப் பற்றி அவன் முதுகுக்குப் பின்னால் வழங்குகிற வாசகமோ இன்னும் கொடியது: காலை விற்றுக் காசாக்கினவன்.

இப்படிச் சொல்கிறவர்கள் துஷ்டர்கள் அல்லர். ஆஸ்பத்திரி வராந்தாவில் இரவெல்லாம் கண் விழித்தவர்களும், ரத்தம் கொடுத்தவர்களும், கைமாற்றாகப் பணம் தந்துவிட்டுத் திருப்பிக் கேட்க மனம் வராதவர்களுமே அவர்களில் அதிகம். அதனாலேயே அவர்களுடைய அபிப்பிராயத்துக்கு மறுப்பு எழுத வேண்டியிருக்கிறது. துஷ்டன் சொல்லியிருந்தால் அந்த வீட்டார் காதில் போட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள்.

நான் அறிந்த கொத்தனார் ஒருவர் உண்டு; பெயரும் ஊரும் வேண்டாம். முப்பதாவது வயதில், வேலை முடிந்து நண்பனுடைய பைக்கில் பின்னால் உட்கார்ந்து வீடு திரும்புகையில், புறவழிச் சாலையில் லாரி மோதி, மார்புக்குக் கீழே உணர்ச்சி அற்றுப்போனவர். அத்தகைய உடம்பை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் படுக்கைப் புண் வந்துவிடும் என்பதும், அந்தப் புண் எலும்பு வரையிலும் போகக்கூடியது என்பதும், மூத்திரத்துக்கு வைத்த டியூபைக் காலத்தில் மாற்றாவிட்டால் குளிர் காய்ச்சல் வந்து பழையபடி ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியிருக்கும் என்பதும் அந்தக் குடும்பத்துக்கு ஆறே மாதத்தில் பாடமாகிவிட்டன. அவர் கட்டுகிற கட்டடங்களிலேயே சித்தாளாகப் போய்க்கொண்டிருந்த மனைவி வேலையை நிறுத்தினாள். நிறுத்தாவிட்டால் புரட்டிப் போட ஆள் இல்லை. ஆகவே ஒரு சம்பாத்தியம் விபத்தில் போயிற்று, மற்றொரு சம்பாத்தியம் பராமரிப்பில் போயிற்று. மூத்த பையன் ஒன்பதாம் வகுப்போடு பட்டறைக்குப் போனான். வாசற்படியில் நின்று "அந்தக் காசு ஒட்டாது" என்று சொன்ன பெரியவர் ஒன்றைக் கவனிக்கவில்லை: காசு வேண்டுமானால் ஒட்டாமல் போகலாம், நஷ்டம் ஒட்டிக்கொள்ள ஒருவரைத் தேடிக்கொண்டே இருக்கும். மோதியவன் ஏற்காத நஷ்டத்தை மனைவி ஏற்றாள், அவளும் தாங்க முடியாத மிச்சத்தைப் பதினான்கு வயதுப் பையன் ஏற்றான். வழக்குப் போடாமல் இருப்பதைப் பெருந்தன்மை என்று நினைக்கிறவர்கள், அந்தப் பெருந்தன்மைக்கான செலவு யார் பேரில் எழுதப்படுகிறது என்பதை ஒரு தடவையாவது அந்த வீட்டின் உள்ளே போய்ப் பார்த்திருக்க வேண்டும்.

விதி என்று சொல்கிறவர்களோடு கர்ம சித்தாந்தத்தைப் பற்றித் தர்க்கம் செய்ய எனக்கு விருப்பமில்லை. அது பெரிய விஷயம். ஆனால் விதியில் நம்பிக்கை மிகுந்த இந்தத் தமிழ் நாடுதான், திருவாரூர்த் தேர் வீதியில் நடந்ததாகச் சேக்கிழார் சொல்லும் அந்தச் சம்பவத்தை நீதிக்கு உச்சமான உதாரணமாக இத்தனை நூற்றாண்டுகளாகப் போற்றி வந்திருக்கிறது. யோசித்துப் பார்த்தால் அதுவும் ஒரு வாகன விபத்துத்தான். இளவரசன் வேண்டுமென்று தேரை ஏற்றவில்லை. கன்று எதிர்பாராமல் குறுக்கே புகுந்து சக்கரத்தில் அகப்பட்டது. இன்று இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் எழுந்து சொல்கிற சமாதானத்தை அன்று மந்திரி சொன்னார்; சாஸ்திரத்தில் விதித்த பிராயச்சித்தத்தைச் செய்து விஷயத்தை முடித்துவிடலாம் என்றும் யோசனை கூறினார். அந்தச் சடங்கு, கன்றை இழந்து கதறுகிற பசுவின் நோய்க்கு மருந்தாகுமா என்று அரசன் திருப்பிக் கேட்டான். அந்தக் கேள்வியில்தான் முழு வழக்கும் அடங்கியிருக்கிறது. மோதியவனுடைய பாவம் எப்படித் தீரும் என்பது மந்திரியின் கவலை. அடிபட்டவளுடைய குறை எப்படித் தீரும் என்பது மன்னனின் கவலை. அரண்மனை மணியைக் கொம்பினால் அசைத்த பசுவைப் பார்த்து, "உன் கன்றின் விதி முடிந்தது, மணியை ஏன் அடிக்கிறாய்?" என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை.

இருந்தாலும் அந்தக் கதையில் எனக்கு நெடுநாளாக ஒரு மனக்குறை உண்டு என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அரசன் தன் மகன் மேல் தேரை ஓட்டியதனால் பசுவுக்குக் கிடைத்தது என்ன? இரண்டு தாய்கள் அழுததுதான் மிச்சமாகியிருக்கும். ஆரூர்ப் பெருமான் தோன்றிக் கன்றையும், இளவரசன் மேல் தேரை ஓட்ட மனம் வராமல் உயிரை விட்ட மந்திரியையும், மைந்தனையும் எழுப்பித் தந்தபடியால்தான் அந்த நியாயம் முழுமை பெற்றது. போனதைத் திருப்பித் தருவதுதான் நியாயத்தின் கடைசிப் படி என்பதைக் கதையே ஒப்புக்கொள்கிறது. 1880-ஆம் ஆண்டில், ஸ்காட்லாந்தில் எழுந்த ஒரு நிலக்கரி வழக்கில், தீங்கு நேராதிருந்தால் பாதிக்கப்பட்டவன் எந்த ஸ்திதியில் இருந்திருப்பானோ அந்த ஸ்திதியில், பணத்தினால் எவ்வளவு முடியுமோ அவ்வளவு நெருக்கமாக, அவனைக் கொண்டுபோய் வைப்பதே நஷ்டஈட்டின் அளவு என்று பிளாக்பர்ன் பிரபு வகுத்த விதியைத்தான் நம் நீதிமன்றங்களும் இன்று வரையில் பின்பற்றி வருகின்றன. தெய்வம் செய்ததை மனிதன் பணத்தைக் கொண்டு அரைகுறையாகவாவது செய்ய முயல்கிற முயற்சி அது. அரைகுறை என்பதற்காக அதை இழிவு என்று சொல்லலாகாது.

இனி, நல்ல மனம் உடையவர்களை உண்மையாகவே தடுத்து நிறுத்துகிற ஆட்சேபத்துக்கு வருகிறேன். "லாரி டிரைவர் நம்மைப் போல ஏழை, அவனுக்கும் குழந்தை குட்டி இருக்கும், அவன் வயிற்றில் அடித்து நாம் வாழ வேண்டுமா?" என்று கேட்கிறார்கள். கேட்கிறவர்களின் கருணையை நான் வணங்குகிறேன்; ஆனால் அந்தக் கருணை போய்ச் சேருகிற விலாசம் தவறானது. மூன்றாம் நபருக்கு நேரும் தீங்குக்காக ஒவ்வொரு மோட்டார் வாகனமும் கட்டாயமாக இன்சூர் செய்யப்பட்டிருக்க வேண்டும் என்ற சட்டம் இந்தியாவில் 1946 முதல் அமலில் இருக்கிறது. லாரி உரிமையாளர் ஆண்டுதோறும் கட்டுகிற அந்தப் பிரீமியம், சாலையில் அவருக்கு முன்பின் தெரியாத ஒருவன் முதுகெலும்பு முறிந்து கிடக்கப் போகிற ஒரு நாளுக்காகவே கட்டப்படுகிறது. அந்த நாள் வந்து, அந்த மனிதனும் கிடக்கையில், அவன் கேட்காமல் விட்டால் மிச்சமாவது டிரைவருடைய பணம் அன்று. கம்பெனியின் கணக்கில் ஒரு வரவு கூடுகிறது, அவ்வளவே. வாகனத்துக்கு இன்சூரன்ஸே இல்லாவிட்டால் உரிமையாளர் கையிலிருந்து கொடுக்க வேண்டி வரும் என்பது வாஸ்தவம். சட்டத்தை மீறிச் சாலையில் வண்டியை விட்டவருக்கு அது வரவேண்டிய செலவுதான்.

அரசுப் பேருந்து மோதினால் கதை வேறு. தனியாக நிதி வைத்துக்கொண்டால் இன்சூரன்ஸிலிருந்து விலக்குப் பெறலாம் என்று போக்குவரத்துக் கழகங்களுக்குச் சட்டம் சலுகை அளிக்கிறது. தீர்ப்பான தொகையைக் கழகம் காலத்தில் கட்டாமற் போக, கோர்ட்டு அமீனா பஸ் நிலையத்துக்கு வந்து, பிரயாணிகளை இறக்கிவிட்டுப் பஸ்ஸை ஜப்தி செய்து கோர்ட்டு வளாகத்துக்கு ஓட்டிக்கொண்டு போகிற காட்சியைத் தமிழ்நாட்டுப் பத்திரிகை வாசகர்கள் எத்தனையோ தடவை படத்துடன் பார்த்திருக்கிறார்கள். அதைப் பார்த்துச் சிரிக்கிறோம். சிலர், "பொதுச் சொத்தை ஒருத்திக்காக முடக்குகிறார்களே" என்று கோபிக்கவும் செய்கிறார்கள். அந்த ஒருத்தி எத்தனை வருஷம் காத்திருந்த பிறகு அமீனா புறப்பட்டார் என்று யாரும் விசாரிப்பதில்லை.

அங்கத்துக்கு விலை பேசுவது இழிவு என்னும் கூற்றில் ஓர் அணு உண்மை இருக்கிறது. அதை நான் மறைக்க மாட்டேன். 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்தின் அட்டவணையை முதல் முதலாகப் படிக்கிறவனுக்கு உடம்பு கூசத்தான் செய்யும்: இரண்டு கையும் போனால் நூறு சதவீதம், கட்டைவிரல் போனால் முப்பது என்று மளிகைக் கடைப் பட்டியல் போல வரிசையாக எழுதியிருக்கிறார்கள். ஆனால் அட்டவணை விலை பேசுவது விரலுக்கு அன்று, விரல் சம்பாதித்த சோற்றுக்கு. இந்த வித்தியாசத்தை 2010 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், நீதிபதி ஆர்.வி. ரவீந்திரன் எழுதிய தீர்ப்பில், பாமரனுக்கும் விளங்கும்படி எடுத்துக் காட்டியது. இடக் கை போன ஒருவனுக்கு டாக்டர் அறுபது சதவீதம் ஊனம் என்று சான்றிதழ் தருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவன் டிரைவராகவோ தச்சனாகவோ இருந்தால் தொழிலைப் பொறுத்தவரை அவனுக்கு ஏறக்குறைய நூறும் போயிற்று. அரசாங்க ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்தால் உத்தியோகம் போகாமலே இருக்கலாம். உடம்பின் ஊனம் வேறு, பிழைப்பின் ஊனம் வேறு; விபத்து நஷ்டஈட்டை முடிவு செய்கிற தீர்ப்பாயம் பார்க்க வேண்டியது இரண்டாவதை. வலிக்கும் வேதனைக்கும், வாழ்க்கையில் அநுபவிக்க முடியாமற்போன இன்பங்களுக்கும் தனியாக ஒரு தொகை உண்டு. ஆனாலும் பெருந்தொகை வருவது இந்தப் பிழைப்புக் கணக்கிலிருந்துதான்.

கணக்கையே போட்டுப் பார்த்துவிடலாம், ஏனெனில் லட்சங்கள் என்று கேட்டவுடன் பேராசை என்கிறவர்கள் ஒரு நாளும் போட்டுப் பார்த்ததில்லை. நம் கொத்தனாருக்கு மாத வருமானம் 15,000 ரூபாய் என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். நாற்பது வயதுக்கு உட்பட்ட, சொந்தத் தொழில் செய்கிறவனுக்கு எதிர்கால உயர்வுக்காக நாற்பது சதவீதம் கூட்ட வேண்டும் என்பது 2017-இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு வகுத்த விதி. ஆக மாதம் 21,000, வருஷத்துக்கு 2,52,000. இருபத்தாறு முதல் முப்பது வரையிலான வயதுக்கு 2009-இல் அதே நீதிமன்றம் நிர்ணயித்த பெருக்கு எண் 17. பெருக்கினால் 42,84,000 வருகிறது. அறுபது வயது வரையில் வெயிலில் நின்று அவர் சம்பாதித்திருக்கக்கூடிய காலமோ முப்பது வருஷம். முழுத் தொகையும் முன்கூட்டியே கைக்கு வருகிறபடியால் முப்பதைப் பதினேழாகச் சுருக்கிவிடுகிறார்கள். பேராசை எந்த வரியில் இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. இடையில் ஒன்று: "இப்படிக் கிடப்பதற்குச் செத்திருந்தாலும் குடும்பத்துக்கு அதிகமாகக் கிடைத்திருக்கும்" என்று பேசுகிற வாய்களும் உண்டு. செத்தவனுக்குப் போடுகிற கணக்கில் அவனுடைய சொந்தச் செலவுக்காக மூன்றில் ஒரு பங்கு போலக் கழித்துவிடுவார்கள். உயிரோடிருப்பவன் சாப்பிட வேண்டும் அல்லவா, அவனுக்கு அந்தக் கழிவு இல்லை. ஆகவே அந்தப் பேச்சு குரூரம் மட்டுமன்று, கணக்கிலும் பிழை.

கிடையாய்க் கிடக்கிறவனுக்கு இனிப் பணம் எதற்கு என்கிற கேள்வி இதற்குத் தம்பி முறை. ஹரியானாவில் 2007-ஆம் வருஷம் ஒரு லாரி மோதியதில் பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி மூளையில் பலத்த காயம் அடைந்து, காலமெல்லாம் கைக்குழந்தையாகவே இருக்கும்படி ஆயிற்று. தீர்ப்பாயம் 11 லட்சம் போலக் கொடுத்தது. உயர் நீதிமன்றம் அதை 25 லட்சத்துக்கு மேலாக உயர்த்தியது. 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் 62,27,000 ரூபாய் என்று தீர்மானித்தது. அந்தத் தொகையில் 21,60,000 ரூபாய், அவளைப் பகலிலும் இரவிலும் பார்த்துக்கொள்ள இரண்டு ஆட்களுக்கு மாதம் ஐயாயிரம் வீதம் கணக்கிட்டது. இந்த ஒரு வரிக்காகவே நான் அந்தத் தீர்ப்பைப் போற்றுவேன். தாய் செய்கிற பணிவிடைக்குக் கூலி இல்லை என்று நம் வீடுகளில் கருதப்படுகிறது; நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம், அது வேலைதான், இரண்டு ஆள் வேலை என்று எண்ணிச் சொல்லியிருக்கிறது. மேலும், பணத்தினால் ஆவது படுக்கையும் மருந்தும் மட்டுந்தான் என்று நினைக்கிறவர்கள் தென்காசிக்குப் பக்கத்தில் ஆய்க்குடிக்கு ஒரு முறை போய் வரட்டும். கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981-இல் அங்கே தொடங்கிய அமர் சேவா சங்கம் இன்று ஆயிரக்கணக்கானவர்களுக்கு ஆதரவாக நிற்கிறது. சக்கர நாற்காலியும், அது ஏறத்தக்க சரிவுப் பாதையும், உதவிக்கு ஓர் ஆளும் அமைந்துவிட்டால், கிடை என்று தள்ளப்பட்டவன் என்ன செய்வான் என்பதை முன்கூட்டிச் சொல்ல நாம் யார்?

படித்தவர்களின் ஆட்சேபம் வேறு தினுசு. விபத்து வழக்குகளில் பாதி பொய், நடக்காத விபத்துக்கும் ஓட்டாத வண்டிக்கும் நஷ்டஈடு வாங்குகிறார்கள் என்பது அவர்கள் வாதம். பாதி என்பதற்கு ஆதாரம் கேட்டால் கிடைக்காது. ஆனால் பொய் வழக்குகள் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. உத்தரப் பிரதேசத்தில் அவற்றை விசாரிக்கத் தனிக் குழுவே அமைக்கப்பட்டு, அதில் அகப்பட்ட வக்கீல்கள் மேல் நடவடிக்கை எடுக்கவில்லையே என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் கடிந்துகொண்டது. பொய் வழக்கைச் சமைப்பதற்குப் பொய்யான முதல் தகவல் அறிக்கை வேண்டும், பொய்ச் சான்றிதழ் வேண்டும், ஆஸ்பத்திரி வாசலிலேயே வக்காலத்தில் கைநாட்டு வாங்குகிற தரகன் வேண்டும். இத்தனை பேர் கூடிச் செய்கிற மோசடிக்குத் தண்டனையைப் படுக்கைப் புண்ணோடு கிடப்பவன் அநுபவிக்க வேண்டும் என்பது எந்த ஊர் நியாயம்? அற்றுப்போன முதுகுத் தண்டை ஒருவனாலும் நடிக்க முடியாது. எக்ஸ்ரே பொய் சொல்லாது.

அப்படி எல்லோரும் நஷ்டஈட்டுக்குப் பறக்கிறார்கள் என்பதாவது மெய்யா? மோதிவிட்டு நிற்காமல் ஓடிப்போன, அடையாளம் தெரியாத வாகனத்தால் அடிபட்டவர்களுக்கு அரசாங்கத் திட்டம் ஒன்று இருக்கிறது; 2022 ஏப்ரல் முதல் உயிரிழப்புக்கு 2 லட்சமும் கொடுங்காயத்துக்கு 50,000-மும் அதில் கிடைக்கும். கோயமுத்தூர் எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் சாலைப் பாதுகாப்புக்காகத் தொடுத்த வழக்கில், 2024 ஜனவரியில், அப்படிப்பட்ட விபத்துகள் ஆயிரக்கணக்கில் நடந்தும் விண்ணப்பிக்கிறவர்கள் மிகச் சொற்பம் என்று கண்ட உச்ச நீதிமன்றம், இப்படி ஒரு திட்டம் இருக்கிறது என்பதைப் போலீசாரே பாதிக்கப்பட்டவர்களிடம் சொல்ல வேண்டுமென்று உத்தரவிட நேர்ந்தது. பேராசை பிடித்த ஜனங்கள், பாவம், விண்ணப்பம் போடக்கூட வரவில்லை.

வழக்கு வருஷக்கணக்கில் இழுக்கும் என்பதை மறுக்க மாட்டேன். மேலே சொன்ன பெண்ணுக்கே பன்னிரண்டு வருஷம் கடந்துதான் முழு நியாயம் கிடைத்தது. ஆனாலும் மனுப் போட்ட நாளிலிருந்து வட்டி உண்டு. தமிழகத்தில் பெரும்பாலும் 7.5 சதவீதம் கொடுக்கிறார்கள். ஜெயித்த பணத்தில் இத்தனை பங்கு என்று வக்கீல் பேரம் பேசுவதை பார் கவுன்சில் விதிகளே தடுத்திருக்கின்றன. அப்படியும் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் போகாதிருப்பது நம் கையில் இருக்கிறது. "காசு ஒட்டாது" என்பதற்குங்கூட ஒரு பரிகாரம் இருக்கிறது: விவரம் தெரியாதவர்களிடம் மொத்தத் தொகையைக் கொடுத்தால் உறவினர்கள் கரைத்துவிடுவார்கள் என்று, பாங்கியில் நிரந்தர வைப்பாகப் போட்டு வட்டியை மட்டும் மாதந்தோறும் கொடுக்கும்படி தொண்ணூறுகளிலேயே உச்ச நீதிமன்றம் வழிகாட்டியிருக்கிறது. அந்த ஏற்பாட்டை உடைத்து முழுத் தொகையையும் எடுத்துத் தரும்படி படுக்கையில் கிடப்பவனைத் தூண்டுகிறவர்களில், சில சமயம், காசு ஒட்டாது என்று சொன்ன அந்த உறவினரும் இருப்பார்.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது, அடிபட்ட மறு வாரமே ஸ்டேஷனில் உட்கார்ந்து பேசி முடிக்கிற பஞ்சாயத்து. ஆஸ்பத்திரிச் செலவைக் கட்டிவிடுகிறேன், கையில் ஐம்பதாயிரம் தருகிறேன், கேஸ் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள் என்பார்கள். "நாலு பேர் சொல்றாங்க, வாங்கிக்கோ அத்தை" என்று பக்கத்து வீட்டார் தாயை வற்புறுத்துவார்கள். முறிந்தது கூடுமா கூடாதா என்று டாக்டருக்கே தெரியாத அந்த வாரத்தில், முப்பது வருஷத்து வாழ்க்கைக்கு ஒரு தாளில் கைநாட்டு விழுந்துவிடுகிறது. நம் கொத்தனார் வீட்டிலும் அப்படித்தான் விழுந்தது. வாங்கிய தொகை, ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாலாவது மாதம் தீர்ந்தது.

நஷ்டஈட்டு மனுவை ஆறு மாதத்துக்குள் போட வேண்டும் என்ற விதி, 1994-இல் நீக்கப்பட்டு, 2022 ஏப்ரல் 1 முதல் மறுபடியும் அமலுக்கு வந்திருக்கிறது. அது செல்லுமா என்பது பற்றி உச்ச நீதிமன்றத்தில் வழக்கு நடக்கிறது. ஆனால் அந்தத் தீர்ப்பை நம்பிக் காத்திருப்பது புத்திசாலித்தனமாகாது. நலம் விசாரிக்கப் போகிறவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான்: வாசற்படியில் நிற்கும்போது புத்திமதி எதுவும் சொல்லவேண்டாம், முதல் தகவல் அறிக்கையின் நகல், டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்து பில்கள் எல்லாம் ஒரு பையில் பத்திரமாக இருக்கின்றனவா என்று மட்டும் கேளுங்கள். ஆறு மாதம் விபத்து நடந்த நாளிலிருந்து ஓடத் தொடங்கிவிடுகிறது.